அல்தமிராவில் அண்ணாந்து பாருங்கள்

ஸ்பெயின் போகிறவர்கள் பலரும் மாட்ரிட், பார்சிலோனா பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாளை வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒதுக்குங்கள். சாந்தாந்தெரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சாந்தியானா தெல் மார், பேருந்து உண்டு. அங்கிருந்து 2 கிலோமீட்டர் மேட்டில் நடந்தால், ஆதிமனிதர் விதானத்தில் ஓவியம் தீட்டிய அல்தமிரா குகையும் அதன் அருங்காட்சியகமும்.

அசல் குகைக்குள் போகலாம் என்ற நம்பிக்கையோடு கிளம்பாதீர்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும் ஓவியங்களைக் கெடுத்ததால் 1977இல் குகையை மூடினார்கள். 2014 முதல் மிகச் சிலரை மட்டும் அனுமதித்து வருகிறார்கள். நீங்கள் பார்க்கப்போவது 2001இல் திறந்த நகல் குகை. ‘நகல்தானே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாறையின் மேடுபள்ளங்களை அளந்து வார்த்து, பழைய முறையிலேயே காவியும் கரியும் கொண்டு தீட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் கூட்டத்தோடு நகராமல், விதானத்தில் கால்களை மடக்கிச் சுருண்டிருக்கும் காட்டெருது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். முதலில் நேர் கீழே நின்று பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று பாருங்கள். பாறை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கேதான் அதன் உடல். அந்தப் புடைப்புக்குள் அடங்கத்தான் கால்களை மடக்கி வரைந்திருக்கிறார் ஓவியர். உடலெங்கும் செங்காவி, விளிம்பில் கரிக்கோடு. கண்ணையும் கொம்பையும் கூர்கல்லால் கீறியே எடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் விளக்கொளியில் செய்த வேலை இது! அருகே 2 மீட்டருக்கும் நீளமான பெண் மானையும் விட்டுவிடாதீர்கள்.

1879இல் அசல் குகையின் ஓவியங்களை முதலில் கண்டவள் மரியா என்ற எட்டு வயதுச் சிறுமி. அவளுடைய தந்தை சான்ஸ் தெ சாவுத்துவோலா தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அவள்தான் மேலே பார்த்தாள். இவை ஆதிமனிதர் வரைந்தவை என்று தந்தை சொன்னபோது, அவர்களால் இப்படி வரைய முடியாது என்று அறிஞர்கள் அவரை நம்ப மறுத்தார்கள். அவர்களில் முக்கியமானவரான கார்த்தையாக் 1902இல் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டார். சாவுத்துவோலா 1888இலேயே இறந்துவிட்டார். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. சனி பிற்பகலும் ஞாயிறும் நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். வாரநாள் காலையே நல்லது. நகல் குகைக்கு நேரம் குறித்துத்தான் விடுவார்கள், அதனால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வடக்கே போக வழியில்லை என்றால், மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத் தோட்டத்தின் அடியில் இந்த விதானத்துக்கு இன்னொரு நகல் இருக்கிறது.