தீட்டுதலும் தீட்டும்: சவரக்கத்தித் தொழிலாளரைக் கண்டறிதலில் சொல்வழிக் கள ஆய்வு நெறி
(கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தீட்டிப் பயன்படுத்தும் மரபுவழிச் சவரக்கத்தி, முடிதிருத்தும் தொழிலிலிருந்து பெரிதும் விலகிவிட்டது. அதன் இடத்தைப் பிளேடு பொருத்தும் கத்தி பிடித்துள்ளது. பழைய கத்தியை இன்றும் கையாளும் தொழிலாளரை ஓர் ஆய்வாளர் எவ்வாறு கண்டறிவது, எத்தகைய சொற்களால் அவரை அணுகுவது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. கருவி மாற்றத்தால் ‘தீட்டுதல்’ என்னும் தொழில்திறன் மறைந்துவர, ‘தீட்டு’ என்னும் சமூக இழிவு அதனோடு சேர்ந்து மறையவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்

சவரக்கத்தி, மழித்தல், சிரைத்தல், தொழிற்சொற்கள், வெள்ளிமலை, கள ஆய்வு நெறி.

முன்னுரை

தமிழ்த் தொழிற்சொல் ஆய்வுகளில் உழவு, நெசவு, மீன்பிடி, மண்பாண்டம் ஆகியன பெற்ற கவனத்தை முடிதிருத்தும் தொழில் பெறவில்லை. உடலோடும் கழிவோடும் தொடர்புடைய தொழில் என்பதனால் அது நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகளில் பெரும்பாலும் பழமொழிப் பொருளாகவே இடம்பெற்றது. அப்பழமொழிகளோ தொழிலாளரின் மொழியன்று. அவரைப் பற்றிப் பிறர் பேசிய மொழி. ஆகவே தொழிலாளரின் சொற்களை அவரிடமிருந்தே பெறவேண்டிய தேவை எழுகின்றது. கத்தியைத் தீட்டத் தெரிந்த தலைமுறை மூப்படைந்துவரும் இக்காலத்தில் அத்தேவை காலஎல்லை உடையதாகவும் அமைகின்றது.

1. ஆய்வுக்களம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் 1993 வரை இப்பகுதி முழுவதும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை மாவட்டத்தின் மேற்கில் அமைந்துள்ளது. மலைப்பகுதியின் நிர்வாக மையம் வெள்ளிமலை ஆகும். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மலையேறும் சாலை, சமவெளியையும் மலையையும் இணைக்கின்றது.

இவ்வட்டாரம் ஈர் அமைப்புகளை அடுத்தடுத்துக் கொண்டிருப்பதே இதனைக் களமாகக் கொண்டமைக்குக் காரணமாகும். சமவெளி ஊர்களில் நாவிதர், வண்ணார் முதலிய பணிக்குடிகள் களத்துமேட்டில் அளக்கப்பட்ட நெற்பங்கைக் கூலியாகப் பெற்றனர். வட தமிழகத்தில் இப்பங்கு ‘மேரை’ எனப்பட்டது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். அவர்கள் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் 1976 வரை இருந்தனர். நெல் விளையும் ஊரின் பணிக்குடி முறை, மலைச் சிற்றூரிலும் அவ்வாறே நிலவியது எனக் கொள்வது சான்றுக்குமுன் முடிவு கூறுவதாகும். எனவே சமவெளிக்கு ஒரு வினாநிரலும் மலைக்கு வேறொரு வினாநிரலும் தேவைப்படுகின்றன. சமவெளியில் “எந்த ஊர்களுக்கு உரிமை இருந்தது?” எனக் கேட்கலாம். மலையில் “யார் யாருக்கு மழித்தார்கள்?” என்பதிலிருந்தே தொடங்கவேண்டும்.

2. மழித்தல், சிரைத்தல், சவரம்

ஒரே செயலைக் குறிக்கும் இம்மூன்று சொற்களும் மூன்று மதிப்புநிலைகளில் நிற்கின்றன. ‘மழித்தல்’ திருக்குறளில் கூடாவொழுக்க அதிகாரத்தின் இறுதிக் குறளில் (280) துறவுக்கோலத்தைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது. இன்றும் அது எழுத்து வழக்கிற்குரிய சொல்லாகவே உள்ளது. ‘சவரம்’ வடமொழி ‘க்ஷௌரம்’ என்பதன் தமிழ் வடிவம். கடைப்பலகையிலும் அன்றாடப் பேச்சிலும் இழிவோ உயர்வோ இன்றி வழங்குவது இச்சொல்லே.

‘சிரைத்தல்’ திராவிட வேருடையது. மலையாளத்திலும் ‘சிரய்க்குக’ என இதே பொருளில் வழங்குகின்றது. ஆயினும் தமிழ்ப் பேச்சு வழக்கில் “என்ன செரைச்சுக்கிட்டு இருந்தே?” என்னும் வசையில் அது பயனற்ற வேலையைக் குறிக்கின்றது. கூரிய கத்தியைத் தொண்டைக்குழியின்மேல் காயமின்றிச் செலுத்தும் நுட்பமான செயலின் பெயர், ஒன்றும் செய்யாமையின் பெயராயிற்று. செயலின் அருமை இப்பொருள் மாற்றத்திற்குக் காரணமாக இருக்க இயலாது. செய்தவரின் சமூகநிலையே காரணம் எனலாம். வேலையற்றவர் பூனையைச் சிரைத்ததாகக் கூறும் பழமொழியும் இப்பார்வையின் விளைவேயாகும்.

3. கத்தியும் மருத்துவமும்

தொழிலாளர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் இதற்கு நேர்மாறான திசையில் செல்கின்றது. தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்கலா முதலிய பெயர்கள் ஒருசேர இடம்பெற்றுள்ளன. ‘மருத்துவர்’ என்பது பிற்காலத்தில் புனையப்பட்ட உயர்வுப்பெயர் அன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு விடப்பட்ட நிவந்தத்தைக் கூறுகின்றது. அதன் பணியாளருள் மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோரோடு நாவிதரும் இடம்பெறுகிறார்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையுடன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளின் முதல் தொகுதியும், இச்சமூக ஆடவர் ஊர் வைத்தியராகவும் பெண்டிர் மருத்துவச்சியராகவும் விளங்கியதைப் பதிவுசெய்துள்ளது. ‘அம்பட்டன்’ என்பதை ‘அம்பஷ்ட’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தும் விளக்கமும் மருத்துவத்தையே சுட்டுகின்றது. மனுநூல் அம்பஷ்டருக்கு உரித்தாக்கும் தொழில் மருத்துவமாகும். எனினும் இன்று அப்பெயர் வசையாகிவிட்டது. சொல்லின் பிறப்பு உயர்ந்தது என்று காட்டுவதனால் அதன் வழக்கு உயர்ந்துவிடாது. ஆகவே களத்தில் அப்பெயரை ஆய்வாளர் ஆளுதல் கூடாது.

4. கத்தி மாறிய காரணம்

மரபுக் கத்தி எஃகினாலான ஒரே அலகுடையது. அதனைக் கல்லில் நீர்விட்டுத் தீட்டி, தோல்வாரில் இழுத்து, கூர் நேராக்கிய பின்னரே முகத்தில் வைப்பர். உள்ளங்கையில் தேய்த்துக் கூர் நேராக்குவதும் உண்டு. தோல்வாரில் இழுப்பது ஒவ்வொரு சவரத்திற்கும் உரியது; கல்லில் தீட்டுவது கூர் மழுங்கியபோது செய்வது. வேலை முடிந்தபின் ஈரம் துடைக்காவிடில் அலகு துருவேறும். இடக்கையால் தோலை இழுத்துப் பிடிப்பது, அலகைச் சாய்த்து வைக்கும் கோணம், மயிர் படிந்த திசையிலும் பின்னர் எதிர்த்திசையிலும் செல்வது, கீறல் நேர்ந்தால் படிக்காரம் தேய்ப்பது ஆகியன அனைத்தும் பயிற்சியால் வருவன.

அமெரிக்காவில் கில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக்கருவி, முகச்சவரத்தை வீட்டிற்குள் கொண்டுசென்றது. எனினும் கடையில் கத்தி நீடித்தது. அதனை அங்கிருந்தும் அகற்றியது நோயச்சமாகும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் ஆய்வால் கண்டறியப்பட்டது. தொடர்ந்து நிகழ்ந்த விழிப்புணர்வுப் பரப்புரைகளில், சவரத்திற்குப் புதிய பிளேடு கேட்குமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் கல்லீரல் அழற்சி நச்சுயிரிகளுள் சிலவும் குருதிவழிப் பரவுவன என்பதால் அவ்வறிவுரை பொருத்தமானதே. இருபுறமும் கூருள்ள பிளேடை உறையோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் பொருத்தும் கத்தி இவ்வாறு பரவலாயிற்று. ஒருவருக்குப் பயன்பட்ட பாதி அவரோடு முடிந்துவிடும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மழிக்கும் கையின் திறன் புதிய கத்தியிலும் தொடர்கின்றது. கோணமும் இழுப்பும் அவ்வாறே உள்ளன. மறைந்தது கூராக்கும் திறன் மட்டுமே. எனவே ‘மரபுச் சவரம் அழிந்தது’ எனப் பொதுப்படக் கூறுவது பிழையாகும். கல், தோல்வார், அவற்றைச் சார்ந்த வினைச்சொற்கள் ஆகியனவே அழிவின் விளிம்பில் உள்ளவை.

5. தீட்டுதலும் தீட்டும்

‘தீட்டு’ என்னும் வினைக்குத் தேய்த்தல், கூராக்குதல், எழுதுதல், ஓவியம் வரைதல் ஆகிய பொருள்கள் உண்டு. கத்தி தீட்டுவதும் அரிசி தீட்டுவதும் இவ்வினையின் ஆட்சிகளே. ‘தீட்டு’ என்னும் பெயரோ ‘தீண்டு’ என்பதன் அடியாகப் பிறந்து, தீண்டலால் நேர்வதாகக் கருதப்படும் விலக்கைக் குறிப்பது. வேறு வேறு வழியில் வந்த இவ்விரு சொற்களும் முடிதிருத்தும் தொழிலில் ஒருங்கே வந்து சேர்கின்றன. முன்னது தொழிலாளர் கத்திக்குச் செய்வது. பின்னது சமூகம் தொழிலாளருக்குச் செய்தது.

கருவி மாற்றம் முன்னதை நீக்கியது, பின்னதை நீக்கவில்லை. சாவுவீட்டுச் சடங்கிற்கும் கருமாதி மழிப்பிற்கும் குறிப்பிட்ட குடும்பத்தையே அழைக்கும் வழக்கம், கத்தியின் வகையைப் பொறுத்து அமைவதன்று. மறுபுறம், இத்தொழிலைக் கருவியாகக் கொண்டே ஆதிக்கச் சாதியினர் தலித் மக்களுக்கு முடிதிருத்தலை மறுக்கச் செய்த வரலாறும் உண்டு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னர் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘கடை’ என்பதற்கு அது தரும் வரையறையிலேயே முடிதிருத்தகமும் அடங்கும். தீட்டுக்கு ஆளானவரே தீட்டைச் செயற்படுத்தவும் நிறுத்தப்பட்ட இந்நிலையை மறைத்துவிட்டுக் கத்தியின் அழகை மட்டும் எழுதும் பதிவு, அரைகுறைப் பதிவாகவே அமையும்.

6. எங்குத் தேடுவது, எதைக் கேட்பது

கள ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் இடர், இருவகைக் கத்தியும் தோற்றத்தில் ஒத்திருப்பதாகும். இரண்டும் பிடிக்குள் மடங்குவன. “பழைய கத்தி வைத்திருக்கிறீர்களா?” என்னும் வினாவிற்குப் பிளேடு பொருத்தும் பழைய கத்தியையும் ஒருவர் காட்டக்கூடும். மாறாக, “கத்தியை எதில் தீட்டுவீர்கள்?” என்னும் வினா ஐயத்திற்கு இடமின்றி இரண்டையும் பிரித்துவிடும். கல்லோ தோல்வாரோ இன்றி மரபுக் கத்தி இயங்காது.

தேடற்குரிய இடங்கள் நான்கு. முதலாவது, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை ஆகிய இடங்களின் கடைத்தெருக்களும் வாரச்சந்தைகளும். இரண்டாவது, நடமாட இயலாத முதியோர் வீடுகளுக்குச் சென்று மழிப்போர். கடையற்ற இவர்களைக் கடைக்காரர் வழியாகவே அறிய முடியும். மூன்றாவது, இறப்புச் சடங்குகளில் பணிபுரிவோர். நான்காவது, கோயில்களின் முடிகாணிக்கை மண்டபங்கள். இந்து சமய அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் நீக்கப்பட்டுள்ளதால், அங்குப் பணிபுரிவோர் அலுவல்வழி அறியப்படக்கூடியவர்கள். தொழிலாளரின் சங்கங்களையும் முடிதிருத்துவோர் நலவாரிய உறுப்பினரையும் அணுகுவது இந்நான்கிற்கும் பொதுவான வாயிலாகும்.

சொல் சேகரிப்பை மூன்று தொகுதிகளாக அமைக்கலாம்: (அ) கருவிச் சொற்கள் – கத்தியின் உறுப்புகள், கல்லின் வகைகள், கருவிப்பையாகிய ‘அடைப்பம்’, (ஆ) வினைச் சொற்கள் – தீட்டல், இழுத்தல், வழித்தல், ஒதுக்கல், இவற்றின் வட்டார வடிவங்கள், (இ) உறவுச் சொற்கள் – கூலி, உரிமை, விளிப்பு. மூன்றாம் தொகுதியை இறுதியில், அவரே பேச முன்வரின் மட்டுமே பதிதல் வேண்டும். கருவியிலிருந்து தொடங்குவோர் அவரை வல்லுநராகச் சந்திக்கின்றனர். சாதியிலிருந்து தொடங்குவோர் அவரை மாதிரியாக மட்டுமே சந்திக்கின்றனர்.

7. பதிவின் அறம்

நேர்காணலுக்குச் செலவாகும் நேரம் அவருடைய வருவாய் நேரமாதலால் அதற்குரிய ஊதியம் அளித்தல் முறையாகும். ஒளிப்பதிவிற்காக ஒரே கத்தியைப் பலர்மீது பயன்படுத்தக் கோருதல் தவறு. தீட்டும் முறையைக் கல்லிலும் வாரிலும் மட்டுமே செய்துகாட்டச் செய்யலாம். ஆய்விற்கு வேண்டிய சொற்கள் அங்கேயே உள்ளன. பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லை என்பதை ‘மரபின் இழப்பு’ எனக் குறிக்கும் முன், அவ்விலகலை அக்குடும்பம் எவ்வாறு காண்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும். பிறப்பால் சுமத்தப்பட்ட கடமையிலிருந்து விடுபடுதல் அவர்களுக்கு ஈட்டமே ஆகலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. மரபுக் கத்தியோடு மறைந்துவருவது மழிக்கும் திறன் அன்று; கூராக்கும் திறனும் அதன் சொற்களுமே ஆகும்.

2. அம்மறைவிற்கு நோய்த்தடுப்பு முதன்மைக் காரணம். ஆகவே ஆய்வின் நோக்கம் பழைய கத்தியை மீண்டும் கடைக்குக் கொண்டுவருவதன்று. அதன் அறிவைப் பதிவுசெய்வதாகும்.

3. தொழிற்பெயர்களில் ‘மருத்துவர்’ என்பதற்குக் கல்வெட்டுக் காலம்வரை செல்லும் தொழில்சார் அடிப்படை உண்டு. களத்தில் தொழிலாளர் தமக்கு வழங்கும் பெயரையே ஆளுதல் வேண்டும்.

4. சமவெளியின் பணிக்குடி முறையை மலைக்கு ஏற்றிக் காணாது, கல்வராயன் மலைக்கெனத் தனி வினாநிரல் அமைத்தல் வேண்டும்.

5. ‘தீட்டுதல்’ அகராதியில் ஏறவேண்டிய சொல். ‘தீட்டு’ வாழ்விலிருந்து இறங்கவேண்டிய சொல். முன்னதைக் காக்கும் முயற்சி பின்னதைக் காத்துவிடலாகாது என்பதே இத்துறை ஆய்வாளர் கைக்கொள்ளவேண்டிய நெறியாகும்.