முழங்கால் மடங்காத சிப்பாய்கள்

லெகோ பொம்மைச் சிப்பாய்க்கு முழங்கால் மடங்காது. இடுப்பில் மட்டும்தான் கால் அசையும். ஓடவிட்டால் கவாத்து பழகுகிறான் என்றே தோன்றும். வீட்டு மேசையில் ஸ்டாப் மோஷன் போர்ப்படம் எடுக்க நினைப்பவர், கதை எழுதுவதற்கு முன்பே இதை யோசித்துவிட வேண்டும். எந்தப் போர் என்பதைப் பொம்மையின் கால் தீர்மானிக்கட்டும். முதல் உலகப் போரின் பதுங்குகுழி வசதியானது: இடுப்புக்குக் கீழே மண்சுவர் மறைத்துவிடும், நடக்க வைக்கும் வேலை பெருமளவு மிச்சம். இரண்டாம் உலகப் போரின் நார்மண்டித் தரையிறக்கம் எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. முதல் படத்துக்கு வேண்டாம்.

அடுத்தது கணக்கு. நொடிக்கு 12 ஃபிரேம் என்றால் மூன்று நிமிடப் படத்துக்கு 2,160 புகைப்படங்கள். முன்னால் மூன்று சிப்பாய்கள், பின்னால் பஞ்சுப் புகை போதும். மீதிப் படையை ஒலியில் கொண்டுவரலாம். துப்பாக்கி முனையின் தீப்பொறியை எடிட்டிங்கில் ஓரிரு ஃபிரேமில் சேர்த்துக்கொள்ளுங்கள். நவீன ராணுவ செட்டுகளை லெகோ நிறுவனம் வெளியிடுவதில்லை. அதனால் துப்பாக்கி, ஹெல்மெட் எல்லாம் வேறு சிறு தயாரிப்பாளர்களிடம்தான் வாங்க வேண்டும்; பட்ஜெட் எகிறுவது இங்கேதான்.

இப்படி மிச்சம் பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கிய லூசிடானியா கப்பலின் கதையை, அமெரிக்கப் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே கைக்காசு போட்டு அனிமேஷனாக்கினார். 1918இல் வெளியான அந்தப் படத்துக்கு சுமார் 25,000 ஓவியங்கள். ஆனால் அலைகளை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையவில்லை. உதவியாளர் வரைந்த 16 அலை ஓவியங்களே திரும்பத் திரும்ப வந்தன. கப்பலைத் தொலைவிலிருந்து காட்டினார், விழும் மனிதர்கள் சிறு புள்ளிகள். கடைசியில் கைக்குழந்தையோடு மூழ்கும் ஒரு தாயிடம் நெருங்கிப் போனார். உங்கள் படத்திலும் அப்படி ஒரு ஷாட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி. மற்றதிலெல்லாம் மிச்சம் பிடிப்பது அதற்காகத்தான்.

கேமராவில் மட்டும் சமரசம் கூடாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள். ஜன்னலை மூடுங்கள், மேகம் கடந்தால்கூடத் திரையில் வெளிச்சம் துடிக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் பளபளக்கும் பொம்மை முகத்தில் விழும். பஞ்சுப் புகை நிற்கும்போது வீட்டில் யாரும் ஃபேன் சுவிட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்வது தனித் திறமை.

இந்தப் படத்தைக் காட்டி அனிமேஷன் வேலைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், முழுப் படத்தையும் அனுப்பாதீர்கள். ஒரு நிமிட ஷோரீல் போதும், சிறந்த ஷாட் முதலில். பெரிய வெடிப்பைவிட, பக்கத்தில் இருந்தவன் விழுந்ததும் தயங்கித் திரும்பும் ஒரு சிப்பாயின் தலை உங்கள் திறமையை நன்றாகக் காட்டும்; அதை முன்னால் வையுங்கள். அனிமேஷன், செட், ஒலி என எதை நீங்கள் செய்தீர்கள், எதை நண்பர்கள் செய்தார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். உரிமம் இல்லாத சினிமா இசை பின்னணியில் ஓடினால், அனுப்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.