கையெழுத்துப் போடுமுன்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்று பங்காளிகளில் சிலர் பேசுவதாகவும், தூணுக்கும் கதவுக்கும் தனித்தனியாக விலை சொல்லி ஒரு தரகர் வந்து போனதாகவும் எழுதியிருந்தாய். விடுமுறைக்கு மட்டும் வந்து போன வீட்டைப் பற்றி நீ என்ன சொல்லிவிட முடியும் என்றும் கேட்டிருந்தாய்.

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வளவு வீடு ஆண்வழிப் புள்ளிகளுக்கே, அதாவது கல்யாணமான ஆண்மக்களின் குடும்பங்களுக்கே என்பது நம்மவர் பழைய வழக்கம். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. ஆகவே உன் கையெழுத்துக்கு மதிப்பிருக்கிறது. அதைப் போடுவதற்கு முன் அந்த வீட்டின் வரவு செலவை முழுதாகத் தெரிந்துகொள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த வீட்டைக் கட்டிய உன் முப்பாட்டனார், நம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கடல் தாண்டிக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதிக் கழிமுகத்தில் காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களுக்கு முதல் பணம் தேவைப்பட்டது. அதைக் கடனாகக் கொடுக்கப் போனவர்கள் நகரத்தார் என்னும் நம் செட்டியார்கள். உன் முப்பாட்டனார் முதலாளியாகப் போகவில்லை. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, கடைசியில்தான் தன் விலாசத்தில் கடை வைத்தார். வேலைக்குப் போகும் ஒரு தவணையைக் கணக்கு என்பார்கள். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் கிட்டங்கி என்னும் பொது விடுதியில் பலரோடு ஒரே கூடத்தில் படுக்கை, ஒரு பெட்டி, ஒரு மேசை. ஊரில் இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கூடத்தில்தான் கழித்தார்.

வீட்டை எழுப்பியவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பர்மாத் தேக்கும் பணமும் அவர் அனுப்பியவை. சுண்ணாம்பு எப்போது அரைபட வேண்டும், கருப்பட்டியும் கடுக்காயும் எவ்வளவு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு எத்தனை என்று கொத்தனார்களோடு நின்று பார்த்தவர்கள் வீட்டில் இருந்த ஆச்சிமார். முகப்பும் திண்ணையும் ஆண்கள் கணக்குப் பார்க்க. வளவும் இரண்டாங்கட்டும் அடுப்படியும் பெண்கள் ராஜ்ஜியம். பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் தனிச் சமையலோடு வேறு வைத்து, புள்ளிக்கு ஓர் அறை கொடுத்து, ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்களைச் சண்டையில்லாமல் ஓட்டியதும் அவர்கள்தாம்.

இன்னொரு பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைகளுக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வயல் செட்டியார்கள் வசம் இருந்தது. நிலத்தை நாடிப் போகாதவர்களுக்கும் நிலம் வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்தவர்களின் கசப்பும் சேர்ந்தே வந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது நம்மவர்கள் பலர் காட்டு வழியாக நடந்து ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா விடுதலை பெற்று நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1963-ல் வங்கிகளும் அடுத்துக் கடைகளும் நாட்டுடைமையாயின. நம் வீட்டின் மேல்மாடி பாதியில் நிற்பதன் காரணம் இதுதான். பெருமையை மட்டும் சொல்லும் குடும்ப வரலாறு பாதி வரலாறு. எழுதும்போது இதையும் எழுது.

எழுது என்று சொல்வதை வேலையாகவே சொல்கிறேன். பெட்டகத்தைத் திற. பேரேடுகள், மேலாட்களின் சம்பளச் சீட்டுகள், மொய் ஏடுகள், கல்யாணத்துக்கு எழுதிய இசைகுடிமானங்கள், ரங்கூன் கடிதங்கள் எல்லாம் இருக்கும். முதலில் படம் எடு. பிறகு பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த அறை யாருடையது, யார் எந்த வருஷம் கப்பல் ஏறினார் என்று கேட்டுப் பதிவு செய். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாக நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமானது. பழைய காகிதம் குப்பை என்று யாராவது சொன்னால் அதை எடுத்துச் சொல்.

அடுத்தது வீடு. பழைய வீடுகளைக் கொல்வது வயதைவிடத் தண்ணீர்தான். ஓர் ஓடு நழுவினால் வாரை நனையும். வாரை நனைந்தால் கரையான் ஏறும். பிறகு சுவர் வாய் பிளக்கும். ஆகவே பணம் கொஞ்சமாக இருந்தால் அது முழுவதும் கூரைக்கே போகட்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கச் சொல். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூச விடாதே. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்து வைக்கும். பளபளக்கும் பழைய பூச்சின் மேல் பெயிண்டும் வேண்டாம். தரை ஓடு உடைந்திருந்தால் ஆத்தங்குடியில் இன்றும் கையால் செய்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது கதவு சன்னல் எல்லாம் திறந்து காற்றாட விடு. பூட்டிக் கிடக்கும் வீடு சீக்கிரம் விழும்.

மூன்றாவது, பங்காளிகள். அவர்களைக் கோபிக்காதே. எங்கோ வேலை பார்த்து வரி கட்டி, ஒழுகும் வீட்டுக்கும் பணம் அனுப்புவது பாரம்தான். முன்னோரை வழிபடும் படைப்புக்கு எல்லாரும் கூடுவார்கள் அல்லவா, அன்று பேசு. பராமரிப்புக்கு ஒரு பொதுக் கணக்கு, புள்ளிக்கு இவ்வளவு, பொறுப்பு ஆண்டுக்கொருவர் என்று எழுத்தில் வை. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் விடுதிகளாகி, தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. முகப்பையாவது அப்படிப் பயன்படுத்தலாமா என்று கேள்.

எல்லாம் பேசிய பிறகும் விற்பதுதான் வழி என்றால் விற்கலாம், அதில் பாவமில்லை. ஆனால் வீடாக விற்க வேண்டும், அதை வீடாக வைத்துக்கொள்பவருக்கு விற்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பார். பிரித்த வீடுகளின் கதவும் தூணும் விளக்கும் கடை கடையாக நிற்கும். எந்தக் கதவு எந்த ஊர் வீட்டுடையது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைப் பட்டியல் தீர்மானிக்காது. உன்னைப் போன்ற பங்குதாரரின் கையெழுத்துதான் தீர்மானிக்கும்.

ஆகவே தரகருக்கு இப்போது பதில் சொல்லாதே. பங்காளிகளிடம் ஒரு வருஷத் தவணை கேள். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டை மாற்றிவிடு. என் பங்குச் செலவை நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா