உரோம விலங்குகளின் உணவில் மாவும் நாரும்



உயிர் வாழ உணவு வேண்டும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், எவ்வுயிர்க்கு எவ்வுணவு, எவ்வளவு என்பது கற்றறிய வேண்டிய ஒன்றாகும். அன்பின் மிகுதியால் முயலுக்கு ரொட்டியும், பசுவுக்கு வாளி நிறையச் சோறும் வைத்துவிட்டு, மறுநாள் அவை நோயுற்றுக் கிடக்கக் கண்டு வருந்துவோர் நம்மிடையே உளர். அன்பில் குறையில்லை, அறிவில்தான் குறை. அக்குறையைப் போக்க, உரோமத்திற்காக வளர்க்கப்படும் விலங்குகளின் உணவை இக்கட்டுரையில் ஆராய்வோம். அங்குக் கற்கும் பாடம் நம் கொல்லைப்புறத்துக் கொட்டகைக்கும் பயன்படும்.

மாவுச்சத்து என்பது யாது?

கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் கூடி அமைந்த உணவுச் சத்துகளைக் கார்போஹைட்ரேட் என்பர். இச்சத்து எங்குப் பிறக்கிறது? நம் பேராக் மாநிலத்துப் பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இலைகள் வெயிலின் துணையால், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரையை ஆக்குகின்றன. அச்சர்க்கரையிலிருந்தே மரம் தன் பாலையும் உண்டாக்கிக்கொள்கிறது. இலையுதிர்ந்து மீண்டும் துளிர்க்கும் நாள்களில் பால் குறைவதை, மரம் சீவியவர் அனைவரும் அறிவர். புதிய இலைகளை வளர்க்க மரம் தன் சர்க்கரையைச் செலவிடுவதே அதற்கு ஒரு காரணம்.

கார்போஹைட்ரேட்டை மூன்று வகையாக எண்ணிக்கொள்ளலாம். கரும்பிலும் பழத்திலும் உள்ளது சர்க்கரை. அரிசியிலும் மரவள்ளியிலும் உள்ளது மாவுச்சத்து. புல்லிலும் வைக்கோலிலும் உள்ளது நார்ச்சத்து. இவற்றுள் ஒரு வியப்பு உண்டு. மாவுச்சத்தும், நாரின் முதன்மைப் பொருளாகிய செல்லுலோஸும் ‘குளுக்கோஸ்’ என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. செங்கல் ஒன்றே, அடுக்கிய முறைதான் வேறு. மாவுச்சத்தின் அடுக்கை நம் உமிழ்நீரே கலைக்கத் தொடங்கிவிடும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். செல்லுலோஸின் அடுக்கையோ நம் உடலால் கலைக்க இயலாது. பசுவின் உடலாலும் தானாக இயலாது. அதற்கு நுண்ணுயிர்களின் உதவி வேண்டும்.

உரோமத்திற்கும் மாவுக்கும் என்ன தொடர்பு?

உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் மாட்டின் கொம்பும் அதனாலேயே ஆனவை. அப்படியாயின், உரோம விலங்குக்குப் புரதம் மட்டும் போதாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். நல்ல வினா அது.

உடல் இயங்க எரிபொருள் வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. மாவும் கொழுப்பும் போதிய அளவு கிட்டாதபோது உடல் தன் புரதத்தையே எரிக்கத் தொடங்கும். அடுப்புக்கு விறகில்லாத வீட்டில் வாசற்கதவை உடைத்து எரிப்பதற்கு ஒப்பானது அது. கதவுக்கு மரம் இல்லாமற் போவதைப் போல, உரோமத்திற்குப் புரதம் இல்லாமற் போகும். உரோமம் மெலியும், உதிரும், பளபளப்பை இழக்கும். ஆகவே, புரதத்தைக் காத்து அதன் வேலைக்கு விடுவதே மாவுச்சத்தின் தலையாய பணியாகும். எனினும், எந்த விலங்குக்கு எவ்வகை மாவு என்பதை அதன் குடல்தான் தீர்மானிக்கிறது.

ஊனுண்ணும் மிங்க்

மிங்க் என்பது கீரியை ஒத்த நீண்ட உடலும் அடர்ந்த உரோமமும் உடைய சிறு விலங்கு. வட அமெரிக்காவே அதன் தாயகம். மீனும் சிறு பிராணிகளுமே அதன் இயற்கை உணவு. ஊனுண்ணியாதலால் அதன் குடல் குட்டையானது. உண்ட உணவு சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். வேகாத மாவுச்சத்தை அவ்வளவு குறுகிய நேரத்தில் செரிக்க அதனால் இயலாது. எனவே பண்ணைகளில் மீன் கழிவோடும் இறைச்சிக் கழிவோடும், வேகவைத்த வாற்கோதுமை அல்லது கோதுமையை அளவோடு கலந்து கொடுப்பர். வெப்பமும் நீரும் சேரும்போது மாவின் மணிகள் உப்பி உடைந்து, எளிதில் செரிக்கும் பக்குவத்தை அடைகின்றன. அரிசியை நாம் சோறாக்கி உண்பதும் இதே காரணத்தால்தான்.

இவ்விலங்குகளைக் கூண்டில் அடைத்து, உரோமத்திற்காகக் கொல்வது தகுமா என்ற கேள்வியும் உலகில் எழுந்துள்ளது. பிரிட்டன் 2000ஆம் ஆண்டில் உரோமப் பண்ணைகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2020இல் கொரோனாக் கிருமி மிங்க் பண்ணைகளில் பரவியதால், டென்மார்க் நாடு தன் பண்ணைகளிலிருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளை அழிக்க நேர்ந்தது. விலங்குகளை நெருக்கமாக அடைத்து வளர்ப்பதன் ஆபத்தை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

தழையுண்ணும் முயல்

உரோம விலங்குகளுள் நம் மாணவர்கள் நேரில் அறிந்தது முயலே. இந்தியாவின் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1962இல் இராஜஸ்தான் மாநிலத்தில் நிறுவப்பட்டது. இமாச்சலப் பிரதேசத்துக் குல்லுப் பள்ளத்தாக்கிலுள்ள கார்சாவில் அதன் கிளை ஒன்று உண்டு. அங்கோரா முயல்களுக்குப் பெயர் பெற்றது அது. மற்றொரு கிளை தமிழ்நாட்டில், கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் உள்ளது. அங்குச் செம்மறியாடுகளோடு சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் ஆகிய முயல் இனங்களும் வளர்க்கப்படுகின்றன. அங்கோரா முயலை உரோமத்திற்காகக் கொல்வதில்லை. ஏறத்தாழ மூன்று திங்களுக்கு ஒருமுறை அதன் உரோமத்தைக் கத்தரித்து எடுப்பர். வெப்பத்தைத் தாங்காத பிராணியாதலின் மலைநாட்டுக் குளிரே அதற்கு ஏற்றது. ஈப்போவின் வெயில் ஏற்றதன்று.

முயலின் குடல் மிங்கின் குடலுக்கு நேர்மாறானது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் ஒரு பெரிய பை இருக்கின்றது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து, மென்மையான ஒருவகைப் புழுக்கையாக வெளிவரும். முயல் அதனை உடனே வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். இதனைக் கண்டு அருவருக்க வேண்டா. மாடு அசைபோடுவதைப் போன்று, இது முயலுக்கு இயற்கை அளித்த வழி.

முயலின் உலர் தீவனத்தில் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு நார் இருத்தல் நலம். நார் குடலை இயங்கச் செய்கிறது. முயல் தன் உடலை நக்கும்போது விழுங்கும் உரோமத்தையும் அதுவே வெளியே தள்ளுகிறது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் உரோமம் வயிற்றில் திரண்டு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மேலும், முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. நார் மிக்க புல்லை மெல்லுவதால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கின்றன.

இனி, அன்பு மிகுந்து ரொட்டியும் சோறும் பிஸ்கட்டும் கொடுத்தால் நிகழ்வது யாது? செரிக்காது எஞ்சிய மாவு குடற்பையை அடைகிறது. தீய நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகி நஞ்சைக் கக்குகின்றன. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஓரிரு நாளில் முயல் மாண்டுவிடுகிறது. தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளே இதற்கு மிகுதியும் இரையாகின்றன.

நம் கொட்டகைப் பசு

மேற்கூறிய பாடம் பசுவுக்கும் பொருந்தும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பசுவே சேமிப்பு வங்கியாக விளங்கியது. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் திருமணமும் பால் விற்ற காசால் நடந்ததுண்டு. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இந்நாளிலும், மாடு ஆடு வளர்ப்போர் நம்மிடையே இருக்கின்றனர்.

பசுவின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை மட்டுமே நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதில் புல்லைப் புளிக்கவைக்கின்றன. சோறோ பொங்கலோ திடீரென மிகுதியாகச் சென்றால், அவ்வறையில் அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. பசு தீனி மறுக்கும்; அசைபோடாது; இடப்புற வயிறு உப்பும்; சாணம் நீர்த்துப் புளித்த நாற்றம் வீசும்; பின்னர்ப் படுத்தால் எழாது. மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு ஊட்டும் அன்புணவே இந்நோய்க்குக் காரணமாவதுண்டு. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் இதுபற்றி எச்சரித்து வருகின்றனர். வழிபாட்டிற்கு ஒரு கைப்பிடிப் பொங்கல் போதும். எஞ்சிய அன்பைப் பசும்புல்லாகக் கொடுப்போமாக.

மரவள்ளியிலும் கவனம் வேண்டும். அதன் இலையிலும் தோலிலும் ‘லினமரின்’ என்னும் பொருள் உள்ளது. சர்க்கரையோடு பிணைந்த சயனைடு அது. இலை நசுங்கும்போது நஞ்சு பிரிகின்றது. ஆமணக்குக் குடும்பத்தில் மரவள்ளிக்கு உறவாகிய பால்மரத்தின் இலையிலும் இந்நஞ்சு உண்டு. எனவே பச்சை மரவள்ளி இலையைக் கால்நடைக்கு வாரிப் போடலாகாது. நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறையும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முயலுக்குப் புல்லும் உலர்புல்லுமே முதன்மை உணவு. ரொட்டி, சோறு, பிஸ்கட் வேண்டா. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

2. எவ்விலங்குக்கும் தீவனத்தைத் திடீரென மாற்றலாகாது. இரு வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றுக.

3. மாட்டுக்கு முதலில் புல், பின்னரே தவிடும் பிண்ணாக்கும்.

4. நம் மாநிலத்தில் எளிதில் கிட்டும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீவனம். செம்மறியாட்டுக்கு அதனை மிகுதியாகக் கொடுத்தால், அதிலுள்ள செம்பு உடலில் சேர்ந்து நஞ்சாகும்.

5. விலங்கு தீனி மறுத்தால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாது கால்நடை மருத்துவரை நாடுக.

மனிதர்க்கும் இப்பாடம் உண்டு

விலங்குக்கு அளவு கூறிய நாம் நம்மை மறத்தல் ஆகாது. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாக நோக்கின், இந்தியர்களிடமே அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. காலையில் இனிப்புத் தேநீர், நண்பகலில் குவியற்சோறு, மாலையில் இனிப்புப் பானம் என்று மாவும் சர்க்கரையுமாக வாழ்கிறோம். முற்காலத்தில் விடியுமுன் எழுந்து நாள் முழுதும் உழைத்த உடல் அதனை எரித்துத் தீர்த்தது. இன்று உழைப்புக் குறைந்தது. தட்டு மட்டும் குறையவில்லை. கீரையும் காய்கறியும் பயறும் நம் தட்டில் பாதியையேனும் நிரப்பட்டும். வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசியிருப்பது சிந்திக்கத்தக்கது.

மிங்குக்கு வெந்த மாவு சிறிதளவு. முயலுக்கும் பசுவுக்கும் நாரே பேரளவு. மனிதனுக்கோ உழைப்புக்கேற்ற அளவு. இதனை மாணவர்கள் மனத்தில் இருத்தி, இல்லத்தாருக்கும் எடுத்துரைப்பார்களாக!

பயிற்சி

அ. மாவுச்சத்துக்கும் செல்லுலோஸுக்கும் உள்ள ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?

ஆ. புரதத்தால் ஆன உரோமம் வளர மாவுச்சத்து எவ்வாறு துணைபுரிகிறது?

இ. முயலுக்கு நார் தேவைப்படுவதற்கு மூன்று காரணங்கள் கூறுக.

ஈ. செய்து பார்: ஆசிரியரின் துணையோடு சோறு, மரவள்ளித் துண்டு, வைக்கோல் ஆகியவற்றின்மீது ஒவ்வொரு துளி அயோடின் இடுக. கருநீலமாக மாறுபவை எவை? மாறாதது எது? ஏன்?