ரயில், கப்பல், அஞ்சல், தந்தி: போட்டித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

"முதல் ரயில் எப்போது ஓடியது?" என்று நேராகக் கேட்கும் காலம் போய்விட்டது. இப்போது "பொருத்துக", "கூற்று – காரணம்" என்றுதான் வருகிறது. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார். ஒரு தடம் எந்த ஊர்களை இணைத்தது, எதை ஏற்றிச் செல்லப் போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால் ஆண்டு தானாகவே நினைவில் நிற்கும். கீழே உள்ள குறிப்புகள் அந்த நோக்கில் தொகுத்தவை. எல்லாத் தலைப்பும் ஒரே அளவில் இராது. கேள்வி வரக்கூடிய இடத்தில் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

ரயில்

● இந்தியாவின் முதல் ரயில் பாதை சென்னையை அடுத்த செங்குன்றத்தில் 1837-இல் போடப்பட்டது. சாலை போடத் தேவையான கல்லைச் சுமந்ததுதான் அதன் வேலை. முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தானே வரை, 34 கி.மீ. ஓடியது. வினாவில் "பயணிகள்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள்.

● தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில்: 1856 ஜூலை 1, ராயபுரம் – வாலாஜா ரோடு, சுமார் 100 கி.மீ. இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழமையானது ராயபுரம். எழும்பூர் என்றும் சென்ட்ரல் என்றும் குறிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

● தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14-இல் உருவானது. இணைந்த மூன்று: தென்னிந்திய ரயில்வே, மதராஸ் – தென் மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே.

● நீலகிரி மலை ரயில்: மேட்டுப்பாளையம் – குன்னூர் 1899, உதகமண்டலம் வரை நீட்டியது 1908. மொத்தம் சுமார் 46 கி.மீ. மீட்டர் கேஜ். செங்குத்தான ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறும். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்: 2005. வரிசையாகக் கேட்டால் டார்ஜிலிங் 1999, நீலகிரி 2005, கால்கா – சிம்லா 2008.

● சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல் மின்சார டிராம். 1953-இல் நின்றது. கொல்கத்தா என்று குறித்து மதிப்பெண் இழக்காதீர்கள்.

தூத்துக்குடி – கொழும்பு, பிறகு பாம்பன்

வரலாறும் புவியியலும் கைகோக்கும் பகுதி இது. விடுதலைப் போராட்டத் தலைப்பிலும் இதிலிருந்து வினா எடுக்கலாம், போக்குவரத்துத் தலைப்பிலும் எடுக்கலாம்.

● வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். வழித்தடம் தூத்துக்குடி – கொழும்பு. கப்பல்கள் எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசப் பயணம், மேலே ஒரு குடை என்று அந்தக் கம்பெனி இறங்கியது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலி எழுச்சி. சங்கம் 1911-இல் கலைக்கப்பட்டது. கப்பல் விடுவதை வெறும் வியாபாரமாக அரசு பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

● 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். தூத்துக்குடிப் பாதை பிரியும் சந்திப்பு அது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவர்களைத் தூத்துக்குடியில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் போட் மெயிலுக்காகத்தான் ஆஷ் அங்கே காத்திருந்தார். நிலையத்தின் இன்றைய பெயர் வாஞ்சி மணியாச்சி.

● 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கி.மீ.; இந்தியாவின் முதல் கடற்பாலம். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும் அமைப்புக்கு ஷெர்சர் தூக்குப்பாலம் என்று பெயர். ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளித்தான் அதைத் திறந்தார்கள்.

● பாலம் வந்ததும் கொழும்புப் பயணமே திசை மாறியது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மீண்டும் ரயில். தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுக் கடற்பயணமாக இருந்தது, பாக் நீரிணையின் குறுகிய இடத்தைக் கடக்கும் சில மணி நேரமாகச் சுருங்கியது.

● 1964 டிசம்பர் 22–23 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயிலை அலை அடித்துச் சென்றது. அதில் இருந்தவர்களில் எவரும் பிழைக்கவில்லை. சிதைந்த பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு ஈ.ஸ்ரீதரனிடம் வந்தது. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார், வேலை 46 நாளில் முடிந்தது. கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்துத் திரும்பப் பொருத்தியதுதான் அந்த வேகத்துக்குக் காரணம். கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பின்னாளில் பேசப்பட்ட அதே ஸ்ரீதரன்தான்.

● பாம்பன் சாலைப் பாலம் (அன்னை இந்திரா காந்தி பாலம்): 1988 அக்டோபர் 2, திறந்தவர் ராஜீவ் காந்தி. ராமேஸ்வரத்துக்குப் பேருந்தும் காரும் நேராகப் போக முடிந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை தீவுக்கு ரயில் ஒன்றே தரைவழி.

● புதிய பாம்பன் ரயில் பாலம்: 2025 ஏப்ரல் 6. கடல்மேல் அமைந்த இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குப்பாலம். தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர், அது பிளவுபடாமல் மின்தூக்கி போல நேராக 17 மீட்டர் உயரும். பழையதில் பிளவு, புதியதில் செங்குத்து: கூற்று – காரணம் வினாவுக்கு ஏற்ற வேறுபாடு.

● நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கியது.

சாலை

தேசிய நெடுஞ்சாலை எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. 2010-இல் மாற்றிய முறையில் ஒழுங்கு உண்டு. வடக்கு – தெற்காகப் போவது இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்குக் கடற்கரையில் 16, நடுவே ஸ்ரீநகர் – கன்னியாகுமரி 44, மேற்குக் கடற்கரையில் 66. கிழக்கு – மேற்காகப் போவது ஒற்றை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். அதனால்தான் காஷ்மீர்ப் பக்கம் 1, கொச்சி – மதுரை – தொண்டி சாலை 85. மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை.

● தங்க நாற்கரம்: டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, 5,846 கி.மீ.

அஞ்சல்

● ஆசியாவின் முதல் அஞ்சல் தலை சிந்து டாக், 1852. நாடு முழுவதற்குமான அஞ்சல் முறை 1854-இல் வந்தது. தொலைவு எவ்வளவானாலும் அரைத் தோலா எடைக்குள் இருந்தால் அரையணா. பக்கத்து ஊருக்கும் பெஷாவருக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் இதில் பெரிய மாற்றம். இந்த வரியைப் பல கையேடுகள் விட்டுவிடுகின்றன.

● சென்னை தலைமை அஞ்சலகம் தொடங்கியது 1786. அதன் பின்கோடு 600001.

● பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகம். வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம். தமிழ்நாடு, கேரளம், லட்சத்தீவு ஆகியவை 6-இல் தொடங்கும். ராணுவ அஞ்சல் 9-இல். புதுச்சேரியும் காரைக்காலும் மாஹேயும் 6 தான். ஆனால் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் 5-இல் தொடங்கும். அஞ்சல் மண்டலம் ஆட்சி எல்லையைப் பார்ப்பதில்லை, பை போகும் வழியைப் பார்க்கிறது.

● உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சல்: 1911 பிப்ரவரி 18, அலகாபாத் – நைனி. விமானி ஹென்றி பெக்கே, சுமார் 6,500 கடிதங்கள்.

● 1932 அக்டோபர் 15: கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தவர் ஜே.ஆர்.டி.டாட்டா. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இரண்டாவது பெயர் கடினமான வினாவுக்கு உதவும்.

தந்தி, தொலைபேசி, அலைபேசி

● முதல் தந்தி 1851, கொல்கத்தா – டயமண்ட் ஹார்பர். சேவை முடிந்தது 2013 ஜூலை. கடைசி வேலை நாள் 14, எனவே நிறுத்தம் 15 முதல் என்றும் எழுதுவார்கள். விடைத் தெரிவுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

● தொலைபேசி இணைப்பகங்கள் 1882, கொல்கத்தா, பம்பாய், சென்னை.

● எஸ்.டி.டி. 1960, கான்பூர் – லக்னோ. அதுவரை வெளியூருக்குப் பேச டிரங்கால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

● முதல் அலைபேசி அழைப்பு 1995 ஜூலை 31: கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் சுக்ராம். பொதுமக்களுக்கு இணையச் சேவை அதே ஆண்டு ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல்.

பழைய கையேடு வைத்திருப்பவர்கள் மூன்று இடத்தில் பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பாம்பனில் இப்போது ரயில் ஓடுவது 2025-இன் பாலத்தில். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது தொலைத்தொடர்புச் சட்டம் 2023. உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் தனிச் சேவை அல்ல. அது ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது.