மேகம் போலப் படரும் நிறம்: வாழ்த்து அட்டை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு பாடம்



சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்பு, நம் அறக்கட்டளையின் தையல் வகுப்புச் சகோதரிகள் கையால் செய்த 120 வாழ்த்து அட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. மூன்று நாட்களில் அனைத்தையும் முடித்தார்கள். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது 40 அட்டைகள் பாழாகியிருந்தன. ஒன்றின் நிறம் மற்றொன்றின் முதுகில் அப்பியிருந்தது. அவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு சகோதரி. தன் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொன்னார். தவறு அவருடையதல்ல. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று வழவழப்பான அட்டையை வாங்கிக் கொடுத்தது நாம்தான். அந்தக் கூலியை முழுமையாகக் கொடுத்துவிட்டோம். அதே தவறு மீண்டும் நேராதிருக்கவே இந்தப் பாடம்.

அட்டையும் மையும்

ஸ்டாம்ப் பேட் மை காகிதத்துக்குள் இறங்கித்தான் காயும். மேலே பூச்சுள்ள பளபளப்பு அட்டையில் இறங்க வழியில்லை. நாள் கணக்கில் ஈரமாகவே நிற்கும். ஆகவே பூச்சில்லாத, கெட்டியான வெள்ளை அட்டையே ஏற்றது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனம் போதும். சாதாரண சார்ட் பேப்பர் தேய்க்கத் தேய்க்க நார் நாராக எழும்பிவிடும். மை வாங்கும்போது தண்ணீரில் கரையும் சாய மையா என்று கேட்டு வாங்குங்கள். மையைத் தேய்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். முகப்பவுடர் பூசும் நுண்ணிய பஞ்சைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் போதும். ஒரு நிறத்துக்கு ஒரு துண்டு. மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

செய்முறை

1. அட்டையின் அடியில் பழைய தாளை விரித்துக்கொள்ளுங்கள். பஞ்சை மையில் இலேசாக ஒற்றி, முதலில் அந்தத் தாளில் இரண்டு சுற்றுத் தேயுங்கள். நேரே அட்டையில் வைத்தால் அந்த இடத்தில் திட்டு விழும். பிறகு அதை மறைக்க முடியாது.

2. தாளிலிருந்து தொடங்கி, சிறு வட்டமாகச் சுற்றிக்கொண்டே அட்டையின் ஓரத்துக்குள் வாருங்கள். அழுத்த வேண்டாம். நிறம் போதவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை தேய்க்கலாம். கூடிப்போனால் எடுக்க முடியாது.

3. இளநிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மஞ்சளைப் பூசி, அது முடியும் இடத்துக்குச் சற்று உள்ளிருந்தே நீலத்தைத் தொடங்கினால் நடுவில் பச்சை தானாக வரும். இறுதியில் இளநிறப் பஞ்சால் அந்த எல்லையை ஒருமுறை தேய்த்துவிட்டால் கோடு தெரியாது.

4. சேரும் நிறம் எது, சேராத நிறம் எது என்று அறிந்திருக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சாகும். ரோஜாவும் நீலமும் ஊதாவாகும். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

5. பிறை வேண்டுமானால், தாளில் பிறை வெட்டி அட்டையில் இலேசாக ஒட்டி, அதன் மேலேயே மை தேயுங்கள். எடுத்தால் வெள்ளைப் பிறை நிற்கும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, அரை நிமிடம் கழித்து டிஷ்யூ தாளால் ஒற்றினால், நட்சத்திரம் போல வெளிறிய புள்ளிகள் தோன்றும்.

6. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், பரப்பி வைத்து ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். மழை நாளில் இரண்டு இரவுகள். வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்து, நிறம் ஒட்டாவிட்டால் மட்டுமே கட்ட வேண்டும். எழுத்து அதற்குப் பிறகு, தண்ணீரில் கலையாத பேனாவால்.

நமக்குப் புதிதல்ல

இது எங்கிருந்தோ வந்த பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். கெட்டியாக்கிய தண்ணீரின் மேல் நிறங்களை மிதக்கவிட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து எடுக்கும் கலையைப் பாரசீகத்தில் அப்ரீ என்றார்கள். அப்ர் என்றால் மேகம். துருக்கியில் அதன் பெயர் எப்ரு. 2014ல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் தக்காணத்தில், பீஜப்பூரில், 17ஆம் நூற்றாண்டில் இம்முறையால் ஓவியங்களே செய்தார்கள். அழகிய எழுத்துக்கலைப் பக்கங்களுக்கு இளநிற அப்ரீ தாள்களைப் பயன்படுத்தினார்கள். எழுத்தே முதன்மை, பின்னணி அதற்குப் பணிவிடை செய்ய வேண்டும். அட்டையின் நடுவை வெளிறவிடுங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

வந்தவாசிப் பாயில் சாயக்கோரையும் வெள்ளைக்கோரையும் கோடு பிரிந்து நிற்கும். ஆரணிப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக இருந்தால், புடவையைத் திருப்பும்போது மூன்றாவது நிறம் தெரியும். நிறம் அறிந்த கைகள் இந்த வட்டாரத்துக் கைகள்.

எழுதும்போது கவனிக்க

பெருநாள் முடிந்ததும் வாழ்த்து அட்டைகள் எங்கே போகின்றன என்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கால் படும் இடத்தில், குப்பையில் கிடக்கின்றன. ஆகவே திருக்குர்ஆன் வசனங்களையும் பிஸ்மியையும் அட்டையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நிக்காஹ் அட்டைகளுக்கும் இதே வேண்டுகோள். ‘ஈத் முபாரக்’, ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்று அழகுத் தமிழில் எழுதினாலே அன்பு போய்ச் சேரும். துஆவை வாயால் சொல்வோம்.

விலை சொல்லும்போது அட்டை, உறை, மை ஆகியவற்றோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் கணக்கிடுங்கள். பாழாகும் ஒன்றிரண்டுக்கும் இடம் வையுங்கள். உலரும் நாட்களைச் சேர்த்துத்தான் தவணை சொல்ல வேண்டும். சொன்ன நாளில் கொடுப்பதும் அமானிதமே.

பாழான அந்த 40 அட்டைகளையும் எறியவில்லை. நல்ல பகுதிகளை வெட்டி, மதரஸா பிள்ளைகளுக்குப் புத்தக அடையாளச் சீட்டுகளாகக் கொடுத்தோம். அந்தச் சகோதரிதான் வெட்டிக் கொடுத்தார். இன்ஷா அல்லாஹ், வரும் ஹஜ்ஜுப் பெருநாள் அட்டைகளுக்கு வகுப்பு எடுக்கப்போவதும் அவரே. விரும்பும் சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்