கார் என்ஜின் சூடேறினால்: சில குறிப்புகள்

1. டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். இப்போது பல சிறிய கார்களில் முள்ளே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்த பிறகு "பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். டோ வண்டிக்கான செலவு அதைவிட எவ்வளவோ குறைவு.

2. மேம்பாலத்தின் நடுவே, ஓரங்கட்ட வழியில்லாத இடத்தில் முள் ஏறினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் இது கொடுமைதான். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

3. ஓரங்கட்டியதும் என்ஜினை அணையுங்கள். பானெட் இடுக்கில் ஆவி வந்தால் அது அடங்கும்வரை திறக்க வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும். கை பத்திரம்.

4. ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் இறங்கி, அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதும் இதுவும் ஒன்றுதான். மேல் ஹோஸைக் கையில் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பின், தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள்.

5. அவசரத்துக்குக் குடிநீர் பாட்டிலைக் கவிழ்க்கலாம், ஆனால் ஆறிய பிறகே. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். போர் தண்ணீரை வழக்கமாக ஊற்றிவந்தால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

6. தண்ணீர் ஊற்றுவது ரிப்பேர் ஆகாது. மூடிய அமைப்பில் கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. எங்கே என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் மெக்கானிக்கிடம் பாதிப் பேச்சு மிச்சம்.
நெரிசலில் மட்டும் சூடேறி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் ஃபேன், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. போட்டதும் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுழல வேண்டும். வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மீது சந்தேகப்படலாம். கீழே ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறைந்து, சைலன்சரில் விடாமல் வெண்புகை வந்து, ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் ஹெட் கேஸ்கெட்தான். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள்.
காருக்கு அடியில் நிறமில்லாமல் சொட்டுவது பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர். அதற்குப் பயப்பட வேண்டாம்.

7. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது சார்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்ஜின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகி மைலேஜ் குறையும். சில என்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் சரியாகப் போகாமல் சூடு இன்னும் கூடும்.

8. கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையே சரி. கெட்டிக் கூலன்ட் என்றால் பொதுவாகப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். ரெடிமிக்ஸில் எதுவும் சேர்க்கக் கூடாது. கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். சிந்தினால் நாயும் பூனையும் நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

9. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ, வால்பாறையின் 40 வளைவுகளோ, ஏறும்போது மேல் கியரில் என்ஜினைத் திணறவிடாதீர்கள். கியரைக் குறைத்தால் என்ஜினோடு சேர்ந்து வாட்டர் பம்பும் வேகமாகச் சுழலும். புறப்படும் அன்று காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.